வெளிவாசலும் சட்டமும்: ஆலயக் கட்டடக் குழுக்களுக்குச் சில விளக்கங்கள்

ஆலயக் கட்டடக் குழுக்களில் கோபுரத்தின் உயரம்பற்றிப் பல மாலைகள் விவாதம் நடந்ததை நாம் கண்டதுண்டு. வாசற்படியின் உயரம்பற்றி அரைமணி நேரமாவது பேசிய குழுவை இதுவரை கண்டதில்லை. படியைக் கொத்தனார் தம் வழக்கப்படி கட்டிவிடுகிறார். கதவைத் தச்சர் தம் வழக்கப்படி செய்துவிடுகிறார். சபையார் பிரதிஷ்டை நாளன்று நாடாவை வெட்டி உள்ளே சென்றுவிடுகின்றனர். நடக்க இயலாதவர் அன்று வெளியே நிற்பதை எவரும் கவனிப்பதில்லை. வெளிவாசல்களைக் குறித்து நம் நாட்டுச் சட்டமும் கட்டட நெறிமுறைகளும் கூறுவன யாவை, அவை புதுவைப் பகுதியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த சிற்றூர் ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் ஓரளவு விளக்க முயல்கிறோம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுவது நேர்மையாகும். பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் ஆயர் பணி ஆற்றியபோது, இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்த சபையார் ஒருவர், கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டியில் ஞாயிறுதோறும் வருவார். வண்டி படிக்கட்டின் அடியில், வேப்பமர நிழலில் நிற்கும். திருவிருந்து நாட்களில் எல்லாரும் பெற்ற பின்பு நாம் அப்பத்தையும் பாத்திரத்தையும் வெளியே கொண்டுபோய் அவருக்குக் கொடுப்போம். இதனை ஒரு கனிவான ஏற்பாடாகவே கருதியிருந்தோம். வாலிபர்கள் அவரைத் தூக்கிச் செல்வதாகப் பலமுறை கூறினர், அவர் இணங்கவில்லை. ஆறு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

பின்னர் அவருடைய தாயார் காலமானார். அடக்க ஆராதனையன்று கதவின் இரு பலகைகளும் அகலத் திறக்கப்பட்டன. பெட்டி தடையின்றி உள்ளே சென்றது. மகனோ தம் வண்டியிலேயே கீழே அமர்ந்து, திறந்த வாசல் வழியாகத் தாயின் ஆராதனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில வாரங்களுக்குப் பின் நம்மிடம், "ஐயா, அம்மாவுக்குத் திறந்த மாதிரி எனக்கும் ரெண்டு கதவையும் திறந்து வைக்கச் சொல்லுங்க. படிக்கு ஏதாவது வழி பண்ணிக்கலாம்" என்றார். அவ்வளவே. குறை கூறும் தொனியே அதில் இல்லை. மறுநாள் நாம் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குச் சென்றோம்.

மூன்று படிகள், ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். ஆக 21 அங்குலம். அதற்குமேல் நிலையின் கீழ்க்கட்டை மூன்று அங்குலம் துருத்திக்கொண்டிருந்தது. கதவின் திறப்பு மொத்தம் நான்கடி. ஆயினும் அது இரட்டைக் கதவு. காற்றில் அடித்துக்கொள்ளும் என்று ஒரு பலகையை எப்போதும் தாழிட்டே வைத்திருந்தனர். ஆகவே ஞாயிறுதோறும் திறந்திருந்தது இரண்டடிக்கும் குறைவான வழியே. திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டுமே மற்றப் பலகை திறக்கும்.

சட்டம் கூறுவது

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்றோரின் சமவாய்ப்புபற்றிப் பேசியது. ஆனால் அதன் கட்டடப் பிரிவுகள் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டவை என்ற தளர்ச்சியுடன் எழுதப்பட்டிருந்தன. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. 2007-இல் இந்தியா அதனை உறுதிசெய்தது. அதன் விளைவாக வந்ததே 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இது 2017 ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தில் நம் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது "பொதுக் கட்டடம்" என்பதன் விளக்கமாகும். அரசுக் கட்டடம் ஆயினும் தனியார் கட்டடம் ஆயினும், பொதுமக்கள் பயன்படுத்துவதெல்லாம் பொதுக் கட்டடமே. கல்வி, தொழில், வணிகம், மருத்துவம் ஆகியவற்றோடு சமயக் காரியங்களுக்குப் பயன்படும் கட்டடங்களும் அங்கே பெயர் கூறியே சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே ஆலயம், கோயில், மசூதி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். அமெரிக்க நாட்டின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நேர்மாறாகச் சமய அமைப்புகளுக்கு விலக்கு அளித்துள்ளது. அந்நாட்டுச் சபைகள் சில இவ்விலக்கை விரும்பிக் கேட்டுப் பெற்றன என்பதை எண்ணும்போது நமக்குச் சற்று வெட்கமாகவே உள்ளது. நம் நாட்டுச் சட்டம் நமக்கு அவ்வித மறைவிடம் எதையும் வைக்கவில்லை.

விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கொடுக்கலாகாது என்றும், விதிகளின்படி கட்டாதவருக்கு நிறைவுச் சான்றிதழ் வழங்கலாகாது என்றும் 44-ஆம் பிரிவு கூறுகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்கப்பட வேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூன் மாதத்தில் வெளிவந்தன. எனவே அந்த ஐந்தாண்டுத் தவணை 2022-இல் முடிவுற்றது. மீறுவோர்க்கு முதன்முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், மறுமுறை ஐம்பதாயிரம் முதல் ஐந்து இலட்சம் வரையிலும் அபராதம் உண்டு. சிற்றூர்ச் சபை ஒன்று இவ்வாறு அபராதம் கட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தண்டனைக்கு அஞ்சி மட்டும் ஒரு சபை தன் வாசலைத் திருத்துமானால், அதைப் பற்றி இவ்வேட்டில் எழுதவேண்டிய அவசியமே இராது.

அளவுகள் எங்கே உள்ளன என்று வினவலாம். மைய அரசு வெளியிட்டுள்ள ஒருங்கிணைந்த நெறிமுறைகளிலும் (முதலில் 2016, திருத்தியது 2021), தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் அவை விரிவாக உள்ளன. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. சட்டம் கட்டாயமான விதிகளை வகுக்கச் சொல்கிறது. 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15-ஆம் விதியோ வெறும் வழிகாட்டுதல்களைச் சுட்டிக்காட்டி நின்றுவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் இதனை ஆராய்ந்து, அவ்விதியின் அப்பகுதி சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கட்டாயமாகக் கைக்கொள்ள வேண்டியவற்றைத் தனியே பிரித்து மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மைய அரசுக்கு ஆணையிட்டது. "கூடுமானால் செய்க" என்பதற்கும் "செய்தே தீர வேண்டும்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இறையியல் மாணவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கதவும் நிலையும்

நெறிமுறைகளின்படி வெளிவாசல் திறப்பின் தடையற்ற அகலம் குறைந்தது 900 மி.மீ. இருக்க வேண்டும். மூன்றடி என்றால் 914 மி.மீ. அல்லவா, நம் கதவு மூன்றடிக் கதவுதானே என்று கட்டடக் குழுவினர் மகிழ்வது வழக்கம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தச்சர் "மூன்றடிக் கதவு" என்று கூறும்போது நிலையின் வெளியளவையே கருதுகிறார். இருபுறமும் நிலைக்கட்டை மும்மூன்று அங்குலம் எடுத்துக்கொள்ளும். கதவு செங்கோணத்தில் திறந்து நிற்கையில் அதன் கனம் ஒன்றரை அங்குலம் வழியை அடைக்கும். மிஞ்சுவது ஏறத்தாழ 28½ அங்குலம், அதாவது 724 மி.மீ. சக்கர நாற்காலியைத் தாமே தள்ளிவருபவர் விரல் மூட்டுகளைத் தேய்த்துக்கொண்டுதான் இதில் நுழையக்கூடும். 900 மி.மீ. உண்மையாகவே கிடைக்க வேண்டுமாயின் நிலையின் வெளியளவு குறைந்தது 44 அங்குலம், அதாவது மூன்றடி எட்டு அங்குலம் என்று தச்சரிடம் கூறுவது நலம். அளக்கும்போது திறந்த கதவின் முகத்திலிருந்து எதிர்ப்புற நிலைவரை அளக்க வேண்டும். கதவு சுவரோடு சாய்ந்து நிற்கும்படி முழுதும் மடங்கக்கூடிய கீல் அமைத்தால் ஒன்றரை அங்குலம் மீதமாகும்.

இரட்டைக் கதவாயின் திறந்து பயன்படுத்தும் ஒரு பலகையே 900 மி.மீ. வழி தர வேண்டும். அல்லது ஆராதனை நேரம் முழுவதும் இரண்டும் திறந்திருக்க வேண்டும். நம் ஆலயத்தில் இதற்கு ஒரு காசும் செலவாகவில்லை. சுவரில் இரண்டு கொக்கிகளை அடித்துப் பலகைகளை மாட்டினோம். ஆறு ஆண்டுகளாக ஒரு மனிதரை வெளியே நிறுத்தியவற்றுள் ஒன்று இரண்டு கொக்கிகள் இல்லாமையே.

நிலையின் கீழ்க்கட்டை நம் பண்பாட்டோடு பின்னிக்கிடக்கிறது. அதனை மிதிக்கலாகாது என்பர். மஞ்சள் பூசிக் குங்குமம் இடுவர். (அதன் கருத்து எதுவாயினும், பார்வை குன்றியவர்க்கு அந்த மஞ்சள் ஒரு நல்ல எச்சரிக்கை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) கீழ்க்கட்டைக்குத் தக்க காரணமும் உண்டு. மழைநீரையும் பூச்சிகளையும் தடுப்பதோடு, நிலை கோணாமல் காப்பதும் அதுவே. ஆயினும் நெறிமுறைகள் அனுமதிக்கும் உயரம் 12 மி.மீ. மட்டுமே, அதுவும் விளிம்பு சரித்துச் செதுக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று அங்குலக் கட்டை சக்கர நாற்காலியின் சிறு முன்சக்கரங்களுக்குச் சுவரே ஆகும். ஊன்றுகோலுடன் வரும் முதியவர் இடறுவதும் இங்கேதான். கட்டையை அகற்றினால் மழை உள்ளே வராதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை வாசலுக்கு வெளியே உள்ளது: மேலே போதிய அகலமுள்ள முன்கூரை, தரையில் வெளிநோக்கிய மெல்லிய சரிவு, வாசலின் குறுக்கே இரும்புச் சல்லடையிட்ட சிறு வடிகால். சல்லடையின் துளைகள் ஊன்றுகோலின் நுனி சிக்காத அளவுக்குக் குறுகியிருக்க வேண்டும்.

கைப்பிடிபற்றிச் சில சொற்கள். உருண்டைக் குமிழைத் திருகுவதற்கு ஐந்து விரல்களும் மணிக்கட்டும் வலுவாயிருத்தல் வேண்டும். தொழுநோயால் விரல்களை இழந்தோரும், மூட்டுவாதத்தால் கை மடங்கிப்போனோரும் நம் சபைகளில் உண்டு. அழுத்தித் திறக்கும் நெம்புகோல் கைப்பிடியோ, இழுத்துத் திறக்கும் வளைவுக் கைப்பிடியோ தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் இருந்தால் போதும். சோதிப்பது எளிது: கையை முட்டியாக மூடிக்கொண்டு கதவைத் திறந்து பாருங்கள். நாதாங்கியும் கொண்டியும் தலைக்குமேலே பொருத்தப்பட்டிருந்தால், அவை நாற்காலியில் அமர்ந்தவருக்கும் சிறுவர்க்கும் எட்டா.

வெளிக்கதவுக்கு மட்டும் உரிய தொல்லை காற்று. அமெரிக்க விதிகள் உட்கதவைத் திறக்கும் விசை 22 நியூட்டனை, அதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிலோ எடையின் அழுத்தத்தை, மீறலாகாது என்கின்றன. வெளிக்கதவுக்கோ எந்த எல்லையும் இடவில்லை. காற்றை எதிர்த்து மூடி நிற்கவேண்டிய கதவுக்கு அவ்வளவு இலேசான விசை போதாது என்பதே காரணம். வங்கக் கடலோரத்தில் வடகிழக்குப் பருவக்காற்றை அறிந்த நமக்கு இது புரியும். ஆகவே தானாக மூடும் கருவியை நம் சிற்றூர் ஆலயங்களில் பொருத்தாமல், கதவைத் திறந்து மாட்டிவைப்பதே மேல்.

கதவைத் திறப்பவருக்கு இடமும் வேண்டும். வாசலின் முன் ஐந்தடிக்கு ஐந்தடி (1500 மி.மீ.) சமதளம் தேவை, தாழ்ப்பாள் உள்ள பக்கத்தில் சுவரையொட்டிக் குறைந்தது ஒன்றரை அடி வெற்றிடம் தேவை. கதவு வெளிப்புறமாகத் திறக்குமாயின், அமர்ந்திருப்பவர் பின்வாங்காமல் அதனைத் திறக்க இயலாது. சரிவின் உச்சியில் பின்வாங்குவது எத்தகைய ஆபத்து என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

படியும் சாய்தளமும்

நம் குழு முதலில் ஒரு சாய்தளம் கட்டியது. கொத்தனார் அரைநாளில் முடித்துவிட்டார். ஏழடி நீளம், 21 அங்குல உயரம். அதாவது நான்குக்கு ஒன்று சரிவு. ஊரில் வீடுதோறும் இருசக்கர வாகனத்தை ஏற்றுவதற்குக் கட்டும் சரிவு இதுவே. இதில் அவரை நாற்காலியில் அமர்த்தி இருவர் தள்ளியபோது, நடுவழியில் நாற்காலி பின்னோக்கிச் சாய்ந்தது. நல்ல வேளையாக வாலிபர் ஒருவர் பிடித்துக்கொண்டார். நாமும் அக்குழுவில் இருந்து கையொப்பமிட்டவரே. எனவே பிழை நம்முடையதுமாகும்.

நெறிமுறை கூறும் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. அதற்குமேல் செங்குத்தாக இருத்தல் கூடாது. 21 அங்குலம் ஏறுவதற்கு 252 அங்குலம், அதாவது 21 அடி நீளம் வேண்டும். வாசலுக்கும் மதிலுக்கும் இடையே இருந்ததோ 14 அடி. எனவே இரண்டாம் முறை ஆலயத்தின் வடபுறச் சுவரை ஒட்டித் தொடங்கி, மூலையில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பி, வாசலின் முன் முடியுமாறு கட்டினோம். சாய்தளத்தின் அகலம் நான்கடி. பக்கங்களில் சக்கரம் நழுவாதபடி விளிம்புக்கட்டை. இருபுறமும் கைப்பிடிக் குழாய். மேற்பரப்பைத் துடைப்பத்தால் கீறிச் சொரசொரப்பாக விட்டோம். வழுவழுப்பான கிரானைட் பதிக்க ஒருவர் நன்கொடை தர முன்வந்தார். மழைக்காலத்தை எண்ணி அன்புடன் மறுத்தோம். மொத்தச் செலவு கிறிஸ்துமஸ் மின்விளக்கு அலங்காரத்துக்கு அவ்வாண்டு ஆனதைவிடக் குறைவு.

பாகூர்ப் பகுதியில் வேறொரு வாதம் எழும். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையேறியது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேற்பட்ட மழை பெய்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. தரையை உயர்த்திக் கட்டாத வீடுகளில் நீர் புகுந்தது. இதனைக் கண்டவர்கள், "இன்னும் இரண்டடி உயர்த்திக் கட்டுவோம், படி கூடினால் கூடட்டும்" என்றால் எவ்வாறு குறை கூறுவது? உயர்த்துவது சரியே. ஆனால் வெள்ளம் வருவது எப்போதோ. படியை ஏறுவது ஒவ்வொரு வாரமும். அன்றியும் வெள்ள நாளில் ஆலயமும் பள்ளியும் புகலிடமாகும்போது முதலில் வந்துசேர வேண்டியவர்கள் நடக்க இயலாதவர்களே. உயர்ந்த தளத்துக்கு நீண்ட சாய்தளம் வேண்டும், அவ்வளவே. வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்களில் நகரத்தில் இல்லாத ஒரு செல்வம் உண்டு. அது ஆலயத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம். மண்ணை நிரப்பி இருபதுக்கு ஒன்று என்ற மெல்லிய சரிவில் பாதை அமைத்தால், அது சாய்தளம் என்றே தோன்றாது. எல்லாரும் அதன் வழியே நடப்பர். திருமண நாளில் சமையல் அண்டாவும் அதன் வழியாகவே வரும்.

பழைய கற்கட்டடங்களில் இடிப்பது தகாது. பாகூர் மூலநாதர் கோயில் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவற்றில் கையும் வைக்கலாகாது. அவ்வித இடங்களுக்குக் கழற்றி மாட்டும் மரச் சாய்தளங்களே ஏற்றவை.

விதிப்புத்தகம் எதிலும் நாம் காணாத தடை ஒன்று உண்டு. சாய்தளத்தைத் திறந்த முதல் ஞாயிறன்று ஆராதனை தொடங்குமுன், அதன் மேல் நாற்பது சோடிச் செருப்புகள் கிடந்தன. அடியில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன. செருப்புக்குத் தனித் தட்டும் வண்டிக்குத் தனி இடமும் வைக்காமல் சாய்தளம் கட்டுவது வீண்வேலை. கைவண்டியில் வருபவர் ஆலயத்தின் நாற்காலிக்கு மாறிக்கொள்ள வாசலருகே நிழலுள்ள ஓரிடத்தையும் ஒதுக்க வேண்டும். அக்கைவண்டி சக்கர நாற்காலியைவிட நீண்டது, அகன்றது.

வேதம் கூறுவதில் நாம் தவிர்த்தவை

கட்டட விதி என்பது வேதத்துக்குப் புறம்பான உலகக் காரியம் என்று கருதுவோர் உபாகமம் 22:8-ஐ நினைவுகூர்வாராக. புதுவீடு கட்டுபவர் மேல்மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், இல்லையேல் விழுந்தவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அங்குள்ள கட்டளை. லேவியராகமம் 19:14 பார்வையற்றவர் முன் இடறுபொருள் வைப்பதைத் தடுக்கிறது. நம் நிலையின் கீழ்க்கட்டையை எண்ணிப் பார்த்தால் இவ்வசனம் அத்துணைத் தொலைவில் இல்லை.

எனினும் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. குருடரும் சப்பாணிகளும் வீட்டுக்குள் வரலாகாது என்ற வழக்குமொழி 2 சாமுவேல் 5:8-இல் பதிவாகியுள்ளது. அதே தாவீது 9-ஆம் அதிகாரத்தில், இரு கால்களும் முடமான மேவிபோசேத்தைத் தன் பந்தியில் அமர்த்துகிறான்; இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பிரசங்கித்தவரை நாம் கேட்டதில்லை. மத்தேயு 21:14-இல் ஆலயத்திலேயே குருடரும் சப்பாணிகளும் இயேசுவிடம் வருகின்றனர். காசுக்காரரின் பலகைகளை அவர் கவிழ்த்த உடனே இது நிகழ்வதாக மத்தேயு எழுதுகிறார். வழியை அடைத்தவை அகன்றன. உரியவர்கள் உள்ளே வந்தனர் என்று இதனை வாசிப்பது தவறாகாது என்று நினைக்கிறோம். அப்போஸ்தலர் 3-இல் நாள்தோறும் ஒருவன் ஆலய வாசலருகே வைக்கப்படுகிறான். வாசல் அழகானது என்று பெயர்பெற்றது. அவனோ அதற்கு வெளியே. மாற்கு 2-இல் கூரையைப் பிரித்த நால்வரின் விசுவாசத்தைக் குறித்து நாமே பலமுறை பிரசங்கித்துள்ளோம். அவர்கள் ஏன் கூரைக்கு ஏறினர்? வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் வசனம் கேட்க வந்த பக்தியுள்ள மக்களே. அவர்களைக் குறித்து நாம் ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை.

இனி நம் சபையின் நிலைமை. அச்சகோதரர் இப்போது மூன்றாம் வரிசையின் ஓரத்தில், நாற்காலிக்கென ஒரு பெஞ்சைக் குறைத்த இடத்தில் அமர்கிறார். முதல்முறை உள்ளே வந்தபோது பீடத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வாசலையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சென்ற மாதம் சபைச் சங்கக் கூட்டத்தில் அவர் எழுப்பிய கேள்வி கழிப்பறையைப் பற்றியது. அதன் கதவு இரண்டடி. வாசலில் ஓர் அங்கண விளிம்பு. உள்ளே திரும்ப இடமில்லை. அடுத்த சனிக்கிழமை அளவுநாடாவுடன் செல்வதாக இசைந்துள்ளோம்.